முதுகுக்கு எட்டாத கை

கருங்கல் மேனியில் எண்ணெய்க்காப்பு மின்ன நிற்கும் எம்பெருமானே, நாணத்தோடு எழுதும் இவ்வடிகளுக்கும் உன் திருவடியே காப்பு.

இன்று மார்கழித் திருவாதிரை. களி நிவேதனமாகி, கோயிலிலிருந்து திரும்பி வந்து அமர்ந்திருக்கிறேன். சென்ற ஆண்டு இதே நாளை எண்ணி எவ்வளவு அஞ்சினேன் என்பதை இப்போதுதான் எழுதத் துணிகிறேன்.

எழுபதைக் கடந்தபின் என் தோல் வறண்டது. மலைக்குளிரில் முழங்காலுக்குக் கீழே மீன்செதில்போல் வெடித்தது, முதுகெங்கும் தினவெடுத்தது. மனையாள் இருந்தவரை முதுகு என்று ஒன்று இருப்பதையே நான் நினைத்ததில்லை. தூய்மைக் குறைவால் வந்தது என்று எண்ணி, நோன்பு மாதத்தில் மூன்று வேளையும் ஆவி பறக்கும் வெந்நீரில், பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக் குளித்தேன். உலர்ந்ததும் உடலெங்கும் திருநீறு பூசினேன். குளிக்கக் குளிக்கத் தினவு வளர்ந்தது. வேட்டியில் உதிர்ந்து கிடந்த வெண்துகள் நீறா, தோலா என்று எனக்கே தெரியவில்லை.

மலைமேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர்க் கோயிலில் திருவாதிரை விடியலில் பதிகம் பாடுவது என் தொண்டு. மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெற்றுடம்போடு கருவறைமுன் நிற்க வேண்டும். சொறிந்து புண்ணான முதுகை ஊராருக்கு எப்படிக் காட்டுவது? காய்ச்சல் என்று சொல்லி விலகிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஒருநாள் நண்பகலில் மண்டபத்தில் யாரும் இல்லை. தூணில் முதுகைச் சாய்த்து, கண்மூடி, மேலும் கீழும் உரசிக்கொண்டிருந்தேன். அருகில் ஓர் இருமல் கேட்டது. மிளகு பயிரிடும் என் நண்பர். என் வயதினர், என்னைப்போலவே மனைவியை இழந்தவர்.

"ஏனுங்க, தூணு தேஞ்சு போயிரப் போவுதுங்க. எங்கூட்டு எருமைகூடப் பலாமரத்த இந்தப் பாடு படுத்தாதுங்க."

"முதுகுல தூசி ஒட்டியிருந்துச்சுங்க," என்றேன்.

"ஆமாங்க. போன வருசம் எனக்கும் இதே தூசிதானுங்க. சட்டையப் போடுங்க, ஆசுபத்திரிக்குப் போலாம்."

சமவெளியிலிருந்து பணிக்கு வந்திருந்த மருத்துவர், இளம்பெண். என் முதுகைப் பார்த்தார், சர்க்கரையும் சோதித்தார். அது இல்லை. வயதின் வறட்சியை என் வெந்நீர்தான் பெருக்கியிருக்கிறது என்றார்.

"குளியலக் கொறைங்க ஐயா. ஒரு தடவ போதும், வெதுவெதுப்பான தண்ணியில சீக்கிரமா முடிச்சிடுங்க. நார் வேண்டாம். சோப்பு அக்குளுக்கும் பாதத்துக்கும் மட்டும். துண்டால தேய்க்காம ஒத்தி எடுத்துட்டு, ஈரம் காயறதுக்குள்ள இந்த வாசனையில்லாத களிம்பத் தடவுங்க."

"திருநீறு?"

"நெத்தியில தாராளமா வைங்க. உடம்புக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்க. முதுகுக்கு மட்டும் யாராவது தடவிவிடணும்."

"அதுக்குத்தானுங்க நான் வந்திருக்கேன்," என்றார் நண்பர். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் முதல் அவர் வந்தார். கொல்லைச் சுவரைப் பிடித்தபடி தலைகவிழ்ந்து நிற்பேன். காய்த்துப்போன அந்த உள்ளங்கை என் முதுகில் மெதுவாக ஊரும். "எருமை இப்பத்தான் சாதுவா நிக்குதுங்க," என்பார். இந்த உடல் நிலையாத தோற்பை, இதன்மேல் பற்று வையாதே என்று எத்தனை காலம் பாடியிருக்கிறேன், பிறருக்குப் பொருளும் சொல்லியிருக்கிறேன்! அந்தப் பையின் மேற்புறம் சற்றுப் பிய்ந்ததும், ஊர் பார்க்குமே என்று இறைவன் பணியையே கைவிட நினைத்தேன். தோலைவிட அதுதான் என்னைக் கூசவைத்தது.

திருவாதிரை வந்தது. புண்கள் ஆறியிருந்தன, தழும்பும் செதிலும் முற்றும் போகவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்தியபடியே கருவறை வாசல்வரை சென்றுவிட்டேன். நண்பர் அருகில் வந்து கையை நீட்டினார்.

"குடுங்க சாமி, நான் வெச்சுக்கறேன்."

கொடுத்துவிட்டேன். உள்ளே பூசகர், திருமஞ்சனம் முடிந்த திருமேனியை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தார். தேய்க்கவில்லை. ஆண்டுதோறும் கண்ட காட்சிதான். அன்றுதான் என் கண்ணில் பட்டது. முதல் அடியில் குரல் உடைந்தது. பின்னால் நின்றவர்கள் என் முதுகைப் பார்த்திருப்பார்கள். பாட்டு முடியும்வரை வெட்கமும் என்னோடு நின்றது. ஆயினும் நடுவில் நிறுத்தவில்லை.

இன்று விடியலிலும் அவர் என் முதுகுக்குத் தடவினார். நான் அவர் முதுகுக்குத் தடவினேன். வெட்கம் முழுதும் போய்விட்டதென்று சொல்லமாட்டேன்.

இதை வாசிக்கும் அனைவருக்கும், தம் கை எட்டாத இடத்துக்கு எட்டும் ஒரு கை என்றும் வாய்க்கட்டும். அதன்முன் தலைகவிழும் பணிவையும் இறைவன் அருளட்டும்.