பச்சைக்கு அடியில் ஒரு மூக்கு

என் மாமனார் கார் வாங்கிய கதையைத் திண்டுக்கல்லில் கேட்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, சீமைக்குக் கப்பலேறும் முன்பு, "உங்களைத் தவிர வேறு யாருக்கும் இதைக் கொடுக்க மனசில்லை" என்று கண் கலங்கிக் கொடுத்துவிட்டுப் போன கார் அது. மாமனாரின் கடைக்குப் பூட்டு வாங்க வந்தவர்கள், துரை கண் கலங்குவதைப் பார்க்காமல் வெளியே போக முடியாது. துரைக்குத் தமிழ் தெரியாது, மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவரும் எந்த மொழியில் உருகினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். காரின் நிறம் பச்சை என்று சொன்னார்கள். நம்பிக்கொண்டேன். வெயிலில் கிடந்து கிடந்து சாம்பல் பூசணிக்காய் மாதிரி வெளுத்திருந்தது. சாய்ந்து நின்றால் சேலையில் மாவு ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு அதில்தான் போவோம். நடந்தால் செத்த நேரத்தில் போய்விடக்கூடிய கோயில். காரில் போனால், தள்ளிக் கிளப்பி, சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கிய பிறகு போய்ச் சேருவோம். கோயிலே திரும்பிப் பார்க்கும். மாமனாருக்கு வேண்டியதும் அதுதான்.

என் அப்பா ஒரு எஸ்டேட்டில் டிரைவர். புகுந்த வீட்டில் இந்த விஷயத்துக்குக் கொஞ்சம் இஸ்திரி போட்டு வைத்திருந்தார்கள். "நம்ம சம்பந்தி எஸ்டேட்ல போக்குவரத்துப் பொறுப்புல இருக்காரு" என்பார் மாமனார். பொய் என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரைவிடப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர் யார்?

அந்த வருஷம் என் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர். அவரும் அவர் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். சேதி வந்ததும் மாமனார் மகளைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார்.

"இம்புட்டு வெளுத்துக் கெடக்கே! புதுசாப் பெயின்ட் அடிக்கவும் நாள் இல்ல. என்னடா செய்யலாம்?" என்று என் கணவரிடம் கேட்டார்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. "தேங்காயெண்ணெய் தடவலாம்" என்றார். தடவினார்கள். அரை நாள் பளபளத்தது. அதற்குள் தெருப்புழுதி முழுவதும் வந்து அதில் குடியேறிவிட்டது. ஈக்களும் வந்தன.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "மாமா, பெயின்ட்டு சாகல. மேல்தோல்தான் செத்திருக்கு. அதைத் தேய்ச்சு எடுத்துட்டா உள்ள நல்ல பச்சை இருக்கும்" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அத்தை கேட்டார். கேட்ட பிறகுதான் எப்படித் தெரியும் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுவதற்காக இருமினார்.

மாமனார் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "கேட்டைச் சாத்திட்டுச் செய்யி தாயி. நம்ம வீட்டு மருமக கார் தொடைக்கிறத நாலு பேர் பாத்தா என்ன நெனப்பாங்க?" காரைக் கொல்லைப் பக்கம் தள்ளினார்கள். அத்தையின் பழைய சேலைகளைக் கயிற்றில் கட்டித் திரை போட்டார்கள். பிரசவத்துக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு மறைப்புக் கட்டியிருக்க மாட்டார்கள்.

கட்டிங் பேஸ்ட் டப்பா ஒன்றையும் மெழுகு டப்பா ஒன்றையும் அப்பா பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். நான் முதலில் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவினேன். புழுதி இருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும், சூடான தகரத்தில் தேய்த்தால் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் நிழலாகப் பார்த்து, கையகலம் கையகலமாகத் தேய்த்தேன். ஈரமான பனியன் துணியில் துளி பேஸ்ட், நேர்கோட்டில் போய் வர வேண்டும். துணியில் பச்சையாக வருவது செத்த தோல். அதைத் துடைத்துவிட்டு மெழுகு போட்டு, காய்ந்ததும் மெத்தென்ற துணியால் தேய்த்தால், அடியிலிருந்து இளம் வாழையிலை நிறத்தில் ஒரு பச்சை எழுந்து வந்தது. பானெட்டில் என் முகம் தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் கணவர் குடையைப் பிடித்தபடி, "வட்டமாத் தேய்ச்சா நல்லாருக்கும்னு தோணுது" என்றார். குடையை நிழலுக்கு வைத்துக்கொண்டேன், யோசனையை அவரிடமே விட்டுவிட்டேன்.

இடது பக்க முன்கதவுக்கு வந்தபோது துணியில் மஞ்சள் வந்தது. உடனே நிறுத்தினேன்.

"மாமா, இந்தக் கதவுல பச்சை ரொம்ப மெல்லிசு. அடியில வேற பெயின்ட் இருக்கு. இதுக்கு மெழுகு மட்டும் போட்டு விட்டுருவோம்."

"மஞ்சள்தானே? நல்லதுதான். கை வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு" என்றார் மாமனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடையில் பூட்டுத் தேய்க்க வைத்திருந்த உப்புத்தாளை எடுத்து வந்தார். பூட்டைத் தேய்க்கிற பலத்தோடு கதவைத் தேய்த்தார்.

முதலில் ஒரு மீசை வந்தது. மாமனார் அதை அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினார். மீசைக்கு மேல் மூக்கு வந்தது. சாதாரண மூக்கு இல்லை. கத்தரிக்காய் மாதிரி பருத்து, சிவந்து, துவாரம் இரண்டும் விரிந்த மூக்கு. இரண்டு விரல்கள் அதை நெருங்கிக்கொண்டிருந்தன. அதன் கீழே கொட்டை எழுத்தில், "ஒரு சிட்டிகை! ஊரே தும்மும்!" என்று இருந்தது.

என் கணவர் குடையோடு குனிந்து அதைப் படித்தார். "எழுத்துப்பிழை இல்ல" என்றார்.

துரையின் கார், அதற்கு முன்போ பின்போ, மூக்குப்பொடி விளம்பர வண்டியாக ஊர் ஊராகப் போயிருக்கிறது. மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்த மூக்கை நான்தான் என் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தேன் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை காரின் இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்கள். மண்டிக்காரர் வந்ததும் பானெட்டைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே! யாரு செஞ்சது?" என்றார்.

"மதுரையிலேர்ந்து ஆள் வந்தாங்க" என்றார் மாமனார் கூசாமல்.

நான் காபித் தட்டை நீட்டினேன். மண்டிக்காரரின் மனைவி என் விரல்களைப் பார்த்தார். "ஏம்மா, நகமெல்லாம் பச்சையா இருக்கு?"

"கீரை ஆஞ்சா" என்றார் அத்தை. அன்றைக்கு விருந்தில் ஆட்டுக்கறியும் கோழியும் இருந்தன. கீரை கண்ணில் படவில்லை.

பெண்ணைப் பிடித்துவிட்டது. புறப்படும்போது மண்டிக்காரர், "பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கார்லயே போவமே" என்று சொல்லிவிட்டார். அவர் மனைவிக்குத் துணையாக என்னையும் பின்சீட்டில் ஏற்றினார்கள். "அந்தப் பக்கக் கதவுக்குப் பூட்டு ரிப்பேரு. இந்த வழியா ஏறிக்கங்க" என்று மாமனார் தன் பக்கத்துக் கதவைத் திறந்தார். திண்டுக்கல்லில், பூட்டுக் கடைக்காரர் காரில், பூட்டு ரிப்பேர். பருத்த உடம்புக்காரரான மண்டிக்காரர் ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைந்து, நகர்ந்து, மூச்சு வாங்க அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

பஸ் ஸ்டாண்டில் கார் நின்றதுமே ஒரு கிழவர் ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். "என்னப்பா, இன்னைக்கு ஓசிப் பொடி இல்லையா? பாட்டுப் போடுற குழாய எங்க காணோம்?"

மண்டிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழக்கதோஷத்தில் தன் பக்கத்துக் கைப்பிடியைத் திருகினார். கதவு திறந்துகொண்டது. "நல்லாத்தானே தொறக்குது!" என்று சொல்லிக்கொண்டே இறங்கி, கதவைச் சாத்தித் திரும்பினார். மூக்கும் அவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே நின்ற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, இந்த வண்டியா!" என்று மண்டிக்காரர் கத்தினார். "எங்க ஊர்ச் சந்தைக்கு வருமே! பொடி மட்டையத் தூக்கித் தூக்கி வீசுவானுங்க. எங்கப்பாவுக்காக நான் பொறுக்கியிருக்கேன்!" அவர் வயிறு குலுங்கச் சிரித்ததில் நாலு பேர் கூடிவிட்டார்கள். மாமனார் எந்த நாலு பேருக்குப் பயந்தாரோ, அவர்களே அவர்கள்.

"அந்தத் துரைதாங்க பொடிக் கம்பெனியும் வச்சிருந்தாரு" என்றார் மாமனார்.

கல்யாணம் நடந்தது. மண்டிக்காரர் அதற்குப் பிறகு மாமனாரிடம் பயம் விட்டுப் பழகினார். பார்க்கும்போதெல்லாம் ஒரு தும்மல் போட்டுக் காட்டுவார். கல்யாணம் முடிந்த கையோடு மாமனார் காரைப் பெயின்ட் கடைக்கு விட்டு, மேலிருந்து கீழ் வரை கறுப்பு அடித்துக்கொண்டு வந்தார். நான் தேய்த்த பானெட்டையும் சேர்த்துத்தான். ஒரு கதவை மட்டும் அடித்திருக்கலாம்.

அந்தக் கோபத்தில் நான் பல நாள் அந்த வீட்டில் யாரோடும் பேசவில்லை. யாரும் அதைக் கோபமென்று நினைக்கவில்லை. கல்யாண வீட்டைப் பார்த்துப் பக்குவம் வந்து, இப்போதுதான் மருமகளுக்கு அடக்கம் தெரிகிறது என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்.