திரும்பிப் பார்க்கக் கூடாத கடல்

நான் பிழைக்க வந்திருக்கும் செயின்ட் ஜான்ஸ் நகரில், கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கடலில் கால்கூட நனைப்பதில்லை. கனடாவின் கிழக்குக் கோடியில், துறைமுக வாசலில், பாறைச் சரிவைத் தொற்றிக்கொண்டு நிற்கிறது பேட்டரி என்கிற பழைய மீனவக் குடியிருப்பு. சிவப்பும் மஞ்சளுமாய் மரவீடுகள். கீழே அலை பாறையில் அறைந்துகொண்டே இருக்கும். வருகிறவர்கள் படம் எடுத்துவிட்டுப் போவார்கள். குளிக்க இறங்கிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ராஜபாளையத்துக்காரனுக்கு இது வயிற்றெரிச்சல். எங்களுக்கு மேற்கே மலைதான் உண்டு. கடலுக்குத் திருச்செந்தூர் பஸ் பிடிக்க வேண்டும். இறங்கியதும் உடுத்திய துணியோடு முங்கி எழுந்தால்தான் போன அலுப்புத் தீரும்.

இந்த ஆடி அமாவாசைக்கு நானும் பேட்டரிக்குப் போனேன், படம் எடுக்க அல்ல. பங்குனியில் அப்பா இறந்தபோது என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போய், ஏதோ ஓர் அலுவலகத்தில் கிடந்தது. மூத்தவன் நானிருக்க, தம்பி கொள்ளி வைத்தான். யாரோ போனைத் தூக்கிப் பிடிக்க, நான் வேலை பார்க்கும் ஓட்டல் சமையற்கட்டில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நடுவில் படம் நின்றுபோனது. ராமேஸ்வரத்தில் அஸ்தி கரைத்ததும் தம்பிதான். மூத்த மகன் கையால் ஒன்றும் ஆகவில்லையே, அவர் எப்படிக் கரையேறுவார் என்று அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரிடமோ கேட்டு வந்து வழி சொன்னாள்.

“போன தடவ அப்பா துண்டு ஒண்ணு ஒம் பெட்டியோட வந்துருச்சுல்ல? அதக் கட்டிக்கிட்டு அங்கன உள்ள கடல்ல ஒரு முழுக்குப் போடுய்யா. துண்டத் தண்ணியோட விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு. அப்பத்தான் அவிய நிம்மதியாப் போவாக.”

காலையில் ஆளில்லாத இடமாய்ப் பார்த்து இறங்கினேன். சட்டையை மடித்துப் பாறைமேல் வைத்தேன். அதன்மேல் பர்ஸும் போனும். மோதிரத்தைக் கழற்றி ஷூவுக்குள் போட்டேன். ராமேஸ்வரத்தில் மோதிரத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்த மாமா எங்கள் வீட்டில் உண்டு. அரைக்கால் சட்டைமேல் அப்பாவின் துண்டைக் கட்டிக்கொண்டேன். ஆடி மாதத்திலும் தண்ணீர் எலும்பைக் கடித்தது. தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று முங்கினேன். துண்டை அவிழ்த்து விட்டேன். எழுந்ததும் ஒரு கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

பாறைக்கு மேலே இருந்த வீட்டுக்காரி. நரைத்த தலை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மடித்து வைத்த சட்டையையும் கழற்றிப் போட்ட மோதிரத்தையும் பார்த்துவிட்டாள். அவள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “ப்ளீஸ், மை லவ், எதுவானாலும் மேலே வந்து பேசலாம்” என்று அழுதாள். இங்கே யாரையும் ‘மை லவ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பல் கிட்டிக்கொண்டதில் எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. மிதந்து போகும் துண்டைக் காட்டி, “மை ஃபாதர்ஸ்” என்று மட்டும் சொன்னேன். ஏன் சொன்னேனோ.

அவள் முகம் மாறியது. ஓடிப்போய்ப் படகுக் கொக்கியை எடுத்து வந்தாள். நான் “நோ, நோ” என்று கத்தக் கத்த, வழுக்குப் பாறையில் மண்டியிட்டுத் துண்டை இழுத்தெடுத்தாள். பிழிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “என் புருஷனையும் கடல்தான் கொண்டுபோனது. ஒரு சட்டைகூடத் திரும்பி வரவில்லை. உனக்கு இதாவது கிடைத்ததே” என்றாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அவளுடைய வீட்டு அடுப்படியில் நான் கம்பளி போர்த்தி உட்கார்ந்து டீ குடிக்கும்போது அம்மா கூப்பிட்டாள்.

“முழுக்குப் போட்டியாய்யா?”

“போட்டேம்மா.”

“துண்ட விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“திரும்பிப் பாக்கலேல்ல?”

ஜன்னலுக்கு வெளியே கொடியில், அவளுடைய தலையணை உறைகளுக்கு நடுவே, கிளிப் மாட்டிய அப்பாவின் துண்டு கடற்காற்றில் வீட்டுப் பக்கமே படபடத்துக்கொண்டிருந்தது.

“இல்லம்மா” என்றேன், அதையே பார்த்துக்கொண்டு.