நம்பிக்கையான ஆளாக்கும்

"உங்க வார்த்தையிலேயே எழுதுங்க" என்று சொன்னது சென்னை அலுவலகத்து மேடம்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பாறசாலைக்கும் வெள்ளறடைக்கும் நடுவிலுள்ள ஊர்களில், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. நான் உள்ளூர்க்காரி. மற்றவர்கள் வெளியிலிருந்து வருவார்கள், ஒரு வாரம் இருப்பார்கள், போய்விடுவார்கள். யாருடைய ஆட்டோவில் ஏறலாம், எந்த வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பிட்டால் வயிறு கெடாது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு பட்டியல் உண்டு. எங்களைப் போன்ற நாலைந்து நிறுவனங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ளும் பட்டியல். வெள்ளறடைப் பக்கத்துக்கு ஆள் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இருந்தார். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டு, அது முடிந்தபின் ஆட்டோ. எந்த வீட்டு வாசலில் கடிக்கிற நாய் உண்டு, எந்தக் கிழவருக்குக் காது கேட்காது என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. நோயாளியை இரண்டு கையாலும் தூக்கி வண்டியில் உட்கார்த்துவார், முகம் சுளிக்க மாட்டார். "அண்ணே, பால் வெட்டு வேலய விட்டிருங்க. வெளியூர்க்காரவிய விடியக்காலத்தே வண்டி கேப்பாவ. மாசம் முழுக்க ஓட்டம் உண்டு" என்று அவரை நச்சரித்தவள் நான்தான். "நீ சொன்னா செரி மக்கா" என்றார். தான் வெட்டிக்கொண்டிருந்த மரங்களை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார்.

பட்டியலில் நான் எழுதினேன்: "நம்பிக்கையான ஆளாக்கும். சொன்ன நேரத்துக்கு வருவாராக்கும். பெண்கள் தனியாகப் போகலாமாக்கும்."

எங்கள் ஊரில் 'ஆக்கும்' என்றால் அடித்துச் சொல்வது. சத்தியம் செய்கிற இடத்தில் நாங்கள் ஒரு ஆக்கும் போடுவோம்.

இரண்டு வாரத்தில் அவருக்கு அழைப்பு நின்றுபோனது. வருகிறவர்கள் நெய்யாற்றின்கரையிலிருந்து கார் பிடித்து வந்து இறங்கினார்கள். அவர் ஆட்டோவைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் நின்றார். "நான் என்ன தப்பு செய்தேன் மக்கா? என்னப் பத்தி ஆரு குத்தம் சொன்னது?" என்று கேட்டார். "அப்பிடி ஒண்ணும் இருக்காது அண்ணே" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்க எனக்குப் பயம். அந்தப் பயத்தில் ஆறு மாதத்தை ஓட்டினேன், வெட்கக்கேடு.

கடைசியில் போன் செய்தபோது மேடம் நிதானமாகச் சொன்னார். "நீங்கதானே எழுதியிருக்கீங்க? 'நம்பிக்கையான ஆளாக்கும்'னா, இருக்கலாம், எனக்குச் சரியாத் தெரியாதுன்னுதானே அர்த்தம்? பெண்கள் விஷயத்துலகூட 'போகலாமாக்கும்'னு இழுத்திருக்கீங்க. அதான் சந்தேகம்னு குறிச்சு எல்லாருக்கும் அனுப்பிட்டோம்."

அடப் பாவிகளா! என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? போனிலேயே கத்தினேன். "ஸாரிங்க, திருத்திடறோம்" என்றார் மேடம், ரொம்ப மரியாதையாக. திருத்தவும் செய்தார்கள். அதற்குள் அண்ணன் ஆட்டோவை விற்றிருந்தார். பால் வெட்டுக்கும் திரும்ப வழியில்லை, மரங்கள் கைமாறிப் போயிருந்தன. உதியன்குளங்கரையில் ஒரு கடைக்குக் காவல் உட்கார்ந்திருந்தார்.

அங்கே போய் விஷயத்தைச் சொன்னேன். என் போனை வாங்கி, நான் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நல்லதுதானே எழுதியிருக்க?" என்றார்.

சென்னைக்காரர்களுக்கு ஆக்கும் என்றால் சந்தேகம் என்று விளக்கினேன். போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய உண்டு" என்றார் பிறகு. "ஆறு மாசமாட்டு நான், பொம்பளப் பிள்ளைய நம்பி ஏறக் கூடாத்த ஆளு. இல்லியா?"



போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்தாள், பிசியோதெரபி பார்க்கிறவள். அவளோடு அந்தக் கடை முன்னால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதாயிற்று. புது ஊர் என்று மிரண்டு நின்றவளிடம் அண்ணனே பேச்சுக் கொடுத்தார்.

"பயப்படாண்டாம் மக்கா. இவளுக்க கூடப் போலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்பிக்கையான ஆளாக்கும்."

அந்தப் பெண் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எந்த ஊர் அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று அவரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.