தன் பெயரைச் சொல்லும் விசில்

என் மனைவி வெர்னா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. ஷார்க் விரிகுடாவில் மீன் பிடிக்கும் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும். முகம் தெரியாதவர்களும் உண்டு.

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஊர்க் கடல்மீட்புக் குழுவின் வயர்லெஸ் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். சம்பளமில்லாத வேலை. காலையில் படகு கிளப்புகிறவர்கள் படகின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கரை சேர்ந்ததும் மறுபடி சொல்வார்கள்.

"'அவசரமில்லை' பேசறேன். கரைக்கு வந்துட்டேன்" என்பான் டாரில்.

வெர்னா அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்வாள். "'அவசரமில்லை', கேட்டுச்சு. போய்க் குளி. நாத்தம் இங்க வரைக்கும் வருது."

சொல்ல மறந்தவர்கள் எங்கள் ஊரில் படும் பாடு கொஞ்சமல்ல. பொழுது சாய்வதற்குள் தேடுவதற்குப் படகுகள் கிளம்பிவிடும். தேடப்படுகிற ஆள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். தேடிப் போனவர்களுக்கு ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். கேலி அடுத்த ஆள் மறக்கும்வரை ஓயாது.

இறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் வெர்னாவின் காது கீச்சென்ற சன்னமான சத்தங்களைத் தவறவிட ஆரம்பித்தது. கெட்டில் விசிலடித்து விசிலடித்துத் தண்ணீர் வற்றிக் கருகியது. "கெட்டில் பழசாயிடுச்சு" என்றாள். புதியது வாங்கினோம். அதுவும் கருகியது.

அந்த மார்ச் மாதம் ஒரு மாலை, பெவ்வின் படகு 'குட்டி ஜோன்' மட்டும் திரும்பவில்லை என்று டாரிலையும் இன்னொரு படகையும் வெர்னா அனுப்பிவைத்தாள். பெவ் வீட்டில் கிழங்கான் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். தான் மூன்று தடவை சொன்னதாகச் சாதித்தாள். பெவ்வின் குரல் சன்னமானது, இரைச்சலுக்குள் முழுகிப்போகும். ஊர் அவளை நம்பவில்லை. அவளும் பீர் வாங்கிக் கொடுத்தாள். வெர்னா வாய் திறக்கவில்லை.

வீட்டில் நான் கேட்டேன். "பெவ் சொல்லியிருப்பாளோ?"

"என் வேலை எனக்குத் தெரியும் வாத்தியாரே. நீ சாப்பிடு" என்றாள். அந்த நாற்காலி போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. நானும் அதற்குமேல் பேசவில்லை.

நான் ஆசிரியனாக இருந்த பள்ளியின் சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒருநாள் அவள்தான் பாடம் நடத்துவாள். படகுத்துறையின் பலகைகளில் எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். கயிற்றில் கட்டிய மைக் ஒன்றைத் தண்ணீருக்குள் இறக்கி ஒலிபெருக்கியைப் போடுவாள். ஏப்ரலில் அந்த நாள் வந்தது.

"டால்ஃபினுக்கு ஆட்டிக் கூப்பிடக் கை இல்லை. தண்ணி கலங்குனா கண்ணும் தெரியாது. அம்மாவும் குட்டியும் எப்படித் தேடிக்குவாங்க?"

"போன்ல" என்றது ஒரு வாண்டு.

"போன் நனைஞ்சிரும். விசில் அடிக்கும். பொறந்த கொஞ்ச மாசத்துல ஒவ்வொரு குட்டியும் தனக்குன்னு ஒரு விசில் உண்டாக்கிக்கும். அதான் அதுக்குப் பேர் மாதிரி. நம்ம விரிகுடாவுல இருக்கற பிக்கிள் குட்டி தூரமாப் போயிட்டா தன் பேரைத்தான் சொல்லும். 'நான் பிக்கிள், நான் பிக்கிள், இங்க இருக்கேன்.' அம்மா அதே விசிலைத் திருப்பி அடிக்கும். 'பிக்கிள், கேட்டுச்சு'ன்னு அர்த்தம்."

"வாயாலயா ஆன்ட்டி?"

"தலை உச்சியில மூச்சு விடற ஓட்டை இருக்குல்ல, அதுக்குக் கீழேருந்து. வாய் சும்மாதான் இருக்கும். நீ வாய் நிறைய சாண்ட்விச்சை வச்சுக்கிட்டுப் பாட முடியுமா? அதுங்களால முடியும்."

துருப்பிடித்த கீல்போல் இன்னொரு சத்தம் வரும் என்றாள். அது தேடுகிற சத்தம். மீனில் மோதித் திரும்பி வருவதை வைத்து மீன் எங்கே என்று கண்டுபிடித்துவிடும். "பக்கத்துல இருந்தா சத்தமே வேணாம். துடுப்பால துடுப்பைத் தடவிக்கும். நாம கையப் பிடிச்சுக்கற மாதிரி."

தூரத்தில் இரண்டு முதுகுகள் எழும்பின. ஒலிபெருக்கியிலிருந்து விசில்கள் வந்துகொண்டிருந்தன. வெர்னா கடலைப் பார்த்தபடி, "இன்னிக்கு அமைதியா இருக்காங்க" என்றாள்.

மேசி என்ற ஐந்து வயதுக்காரி கையைத் தூக்கினாள். "அவங்க பேசிட்டுத்தான் இருக்காங்க ஆன்ட்டி. நீங்கதான் நடுவுல பேசறீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். வெர்னா என்னைப் பார்த்தாள். நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன். அவள் மெல்ல மேசியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கேக்கலை கண்ணு. என் காது இப்பல்லாம் சன்னமான சத்தத்தை எடுக்கறதில்லை."

"அப்ப பிக்கிளோட அம்மாவுக்கும் கேக்கலைன்னா? பிக்கிள் சொல்லவே இல்லைன்னு அது நினைச்சுக்குமா?"

மேசி வெர்னாவின் உள்ளங்கையை விரித்து, கேட்ட விசிலை விரலால் வரைந்து காட்டினாள். மேலே, கீழே, மறுபடி நீளமாக மேலே.

"பிக்கிளேதான்" என்றாள் வெர்னா. கையை உடனே மூடிக்கொண்டாள்.

அன்று மாலை என்னையும் வயர்லெஸ் அறைக்கு வரச் சொன்னாள். எல்லாப் படகும் கரை சேரக் காத்திருந்தாள். பெவ்வின் முறை வந்தபோது, அவள் குரல் எனக்குக் கேட்டது என்று தலையாட்டினேன். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாப் படகுக்கும். நான் வெர்னா. போன மாசம் 'குட்டி ஜோன்' கரைக்கு வந்ததும் சொல்லியிருக்கு. எனக்குத்தான் காது கேக்கலை. மறுநாளே எனக்கு உறைச்சுச்சு, சொல்லலை. பெவ், அந்தப் பீரை நான் திருப்பித் தர்றேன். நாளைலேருந்து இங்க வேற ஆள் உக்காருவாங்க. வெர்னா பேசறேன். கரைக்கு வந்துட்டேன்."

பொத்தானை விட்டாள். பிறகு யாரோ பேசுகிறார்கள் என்று காட்டும் சிவப்பு விளக்கு மினுக்கியது. வெர்னா விளக்கையே பார்த்தாள்.

"யாரு?"

"பெவ்."

"திட்டறாளா?"

"கொஞ்சம். அந்த மட்டமான பீர் வேணாமாம். வீணாத் தேடப் போன டாரில் படகைத் தன் கண்ணு முன்னாடி நீ கழுவித் தரணுமாம்."

"அவ்வளவுதானா?"

"'வெர்னா, கேட்டுச்சு'ன்னும் சொன்னா."

அடுத்தது டாரில். அவன் கட்டைக்குரல் அவளுக்கே கேட்டது. "வெர்னா, கேட்டுச்சு. நான் குளிச்சிட்டேன்." அவள் சிரித்தாள். விளக்கு அணைந்தது, மறுபடி எரிந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சில குரல்கள் அவளை எட்டின, சில எட்டவில்லை. எட்டாதபோது அவள் கையை என் பக்கம் நீட்டி விரித்தாள். சொன்னவர் பெயரை அதில் விரலால் எழுதினேன்.