நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஸ்பீக்கர் பெட்டி

என் நண்பன் தயாளனை நான் ஏமாற்றினேன். பல வருடம், மேடைக்கு மேடை, அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏமாற்றினேன்.

அவன் வாசித்த பேஸ் கிடாரின் ஓசை மேடையைத் தாண்டி ஜனங்களிடம் போகவே இல்லை. போகாதபடி பார்த்துக்கொண்டவன் நான். அது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே கடைக்குக் கூடப் போய், ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன்.

சொல்லிவிட்டேன்... இதை எழுத இவ்வளவு காலம் ஆயிற்று. நீங்கள் யாரோ, எவரோ. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. சொல்ல வேண்டியவன் ஆவடியில், என் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறான்.

எங்களுடையது சின்ன மெல்லிசைக் குழு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஆபீஸ் ஆண்டு விழா என்று வாசிப்போம். நான் கீபோர்டு. ஜான்சன் டிரம்ஸ். பாட இரண்டு பேர். பேஸ் கிடார் தயாளன். எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ், அவனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை.

அவன் மோசமான வாசிப்பாளன் என்று நினைத்துவிடாதீர்கள். சுருதி பிசகாது. எந்தப் பாட்டுக்கும் எந்த இடத்தில் எந்த ஸ்வரம் என்று மனப்பாடமாக வைத்திருப்பான். அவனிடம் ஒரே ஒரு குறை. டிரம்ஸ் அடி விழுந்ததைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு கம்பியைத் தொடுவான். ஒரு இமைப்பொழுது தாமதம், அவ்வளவுதான். ஆனால் பேஸும் டிரம்ஸும் ஒன்றாக விழ வேண்டும்! ஒன்றாக விழாவிட்டால் பாட்டு நொண்டும்.

ஜான்சன் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னான். அவரை நம்பி அடித்தால் எனக்கே கால் தடுமாறுகிறது, நீங்கள்தான் பேச வேண்டும் என்றான். பேசுகிறேன் என்று தலையாட்டினேன்.

பேசவில்லை. ஏன்? நட்பு, அவன் மனம் நோகும்... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். நாங்கள் ஒத்திகை பார்த்தது அவனுடைய குவார்ட்டர்ஸ் கூடத்தில். அவன் மனைவி சாந்தி முகம் சுளிக்காமல் எங்கள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுப்பாள். தொழிற்சாலை ஆட்களின் வீட்டு விசேஷமெல்லாம் அவன் மூலமாகத்தான் எங்களுக்கு வந்தது. அவன் வேண்டும், அவன் பேஸ் வேண்டாம். என் கணக்கு அவ்வளவு அசிங்கமானது.

அந்தச் சமயத்தில்தான் அவன் சொந்தமாக கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் வாங்குவதென்று முடிவு செய்தான். அதுவரை இரவல் கிடார், என்னுடைய பழைய ஆம்ப். 'நீ கூட வா மச்சான், எனக்கு ஒண்ணும் புரியாது' என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போனோம்.

கிடார் விஷயத்தில் நான் யோக்கியனாகவே இருந்தேன், அதை மட்டும் நம்புங்கள். ஐந்து கம்பி கிடாரின் மேல் அவனுக்கு ஆசை. கழுத்து அகலம், உன் விரலுக்கு எட்டாது, நம் பாட்டுகளுக்கு நான்கு கம்பியே தாராளம் என்று தடுத்தேன். உட்கார்ந்து மட்டும் வாசித்துப் பார்க்காதே, வாரை மாட்டிக்கொண்டு நின்று வாசி, மூன்று மணி நேரம் தோளில் தொங்கப் போவது என்றேன். கருஞ்சிவப்பில் ஒன்று அவன் உடம்போடு ஒட்டிக்கொண்டது. அதைக் கழற்ற மனமில்லாமல், மாட்டியபடியே கடை முழுக்கச் சுற்றி வந்தான். அவன் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்து ஆம்ப். கடையில் இருந்த பெண் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றாகவே இருக்கும், ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் பின்னாலிருந்து ஒரு ஒயரை, எல்லோர் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டால் போதும், வெளியே உள்ள பெரிய ஸ்பீக்கர்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும், உங்கள் சத்தம் காலடியில் வைக்கிற மானிட்டர் ஸ்பீக்கரில் உங்களுக்கே திரும்பி வரும் என்று விளக்கினாள். சரியான யோசனை! எங்களைப் போன்ற குழுவுக்கு அதுதான் பொருத்தம். தயாளனுக்கும் அது பிடித்துவிட்டது.

எனக்கு அங்கேதான் அந்த எண்ணம் வந்தது...

சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டால் அவன் மானிட்டரை நம்பித்தான் வாசிக்க வேண்டும். மிக்ஸரில் அவன் சத்தத்தைக் குறைத்தால் உடனே தெரிந்துவிடும். அவன் முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி நின்று அதிர்ந்தால்? அவன் காதில் அவனுடைய பேஸ் மட்டுமே கேட்கும். வெளியே என்ன போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

'இது ரூம்ல வாசிக்கத்தான் லாயக்கு. மேடைல டிரம்ஸ் சத்தத்துல உன்ன நீயே கேக்க முடியாது. தனி ஆம்ப், தனி கேபினெட், அதான் பேண்டுக்கு' என்றேன். மூலையில் நின்ற பெரிய பெட்டியைக் காட்டினேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். தயாளன் அதற்கு முன்னால் நின்று ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். சட்டை அதிர்ந்தது. அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

'நீ சொன்னா கரெக்டாத்தான் இருக்கும் மச்சான்' என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம். எங்களுக்கு வழக்கமாக மிக்ஸரில் உட்காருபவன் பாபு. தயாளனின் பேஸை அடியோடு இறக்கிவிடு என்று அவனிடம் சொன்னேன். என் கீபோர்டின் கட்டைகளை இரண்டு ஓசையாகப் பிரித்து, இடக்கைப் பக்கம் பேஸ் ஓசையை வைத்துக்கொண்டேன். இது புதிதல்ல; பேஸ் கிடாருக்கு ஆள் இல்லாத குழுக்களில் கீபோர்டுக்காரரின் இடக்கைதான் பேஸ். எங்கள் குழுவிலோ ஆள் இருந்தான், கருஞ்சிவப்பு கிடாரோடு கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான்! ஜனங்களுக்குப் போனது என் இடக்கை.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அந்தப் பெட்டியை இரண்டு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும். ஒரு முனையை அவன் பிடிப்பான், மறுமுனை நான். கல்யாண மண்டபத்துப் படிகளில் பின்பக்கமாக ஏறிக்கொண்டே, பார்த்து மச்சான், விரல் ஜாக்கிரதை, கீபோர்டு வாசிக்கிற கை என்பான். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டே நான் பெட்டியைத் தூக்கினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது வந்து அவன் கையைக் குலுக்கி, பேஸ் பிரமாதம் என்பார்கள். எனக்கு வயிறு எரியும்! அது என் கை, என் வாசிப்பு, என்னிடமிருந்து திருடுகிறான் என்று தோன்றும். அவனை ஊமையாக்கியது நான், எரிச்சலும் எனக்கே... இப்படியும் ஒரு மனம் உண்டா?

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் ஒரு வரவேற்பு. சாந்தியின் அக்கா மகளுக்குக் கல்யாணம். முன்வரிசை முழுக்க அவன் சொந்தக்காரர்கள். புதுச் சட்டை போட்டு, கிடாரைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கொண்டு வந்திருந்தான்.

மூன்றாவது பாட்டோ நான்காவதோ, நடுவில் அவன் ஆம்ப் செத்துவிட்டது. ஃபியூஸ் போயிருக்கிறது, அது பிறகு தெரிந்தது. அவனுக்குப் பின்னால் அதிர்ந்துகொண்டிருந்த பெட்டி சட்டென்று அமைதியானது. பதறிப் போய்க் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

வெளியே பேஸ் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. தன் கிடாரைப் பார்த்தான். பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தான். மண்டபத்து ஸ்பீக்கர்களைப் பார்த்தான். கடைசியில் மெல்லத் திரும்பி என் இடக்கையைப் பார்த்தான். நான் அப்போதாவது கையை எடுத்திருக்கலாம்... எடுக்கவில்லை, பாட்டு நின்றுவிடும் என்று பயந்தேன்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? முன்வரிசையைப் பார்த்தான். சாந்தி ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பவும் கம்பியில் கையை வைத்து, விரல்களை அசைக்க ஆரம்பித்தான். செத்த கிடாரை நிகழ்ச்சி முடியும்வரை வாசித்தான். முடிந்ததும் ஒரு மைத்துனன் ஓடி வந்து, மாமா, சும்மா அதிருது என்று கட்டிக்கொண்டான். தயாளன் சிரித்தான். அந்தச் சிரிப்பை விவரிக்க எனக்குத் தெரியவில்லை.

பெட்டியை ஏற்றும்போது, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

'எப்போலேர்ந்து மச்சான்?'

கேள்வி எவ்வளவு சின்னது! உண்மையைச் சொல்ல அதைவிடச் சின்ன பதில் போதும். நான் சொன்னேன்: 'இன்னிக்கு மட்டும்தான்டா. ஆம்ப் கரகரன்னு சத்தம் விட்டுச்சு, போயிடுமோன்னு பயந்து இடக்கைல வாசிச்சேன்.'

'நல்லவேளை' என்றான். நம்பிவிட்டான் என்று நினைத்து அன்று நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஃபோன் செய்தான். ஆம்ப் மேல் நம்பிக்கை போய்விட்டது, புதிதாக ஒன்று பார்க்கலாம், நீ வா என்றான். மறுபடி அதே கடை. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதே மாதிரி பெரியவையும். அவன் எதையும் வாசித்துப் பார்க்கவில்லை. சின்னப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

'இத்த எட்துக்கினா, வெளிய இன்னா போவுதோ அதான் எனக்கும் கேக்கும், இல்ல? எனக்கு அது போதும் மச்சான். நீ சொல்லு, எத்த எடுக்கலாம்?'

என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது. 'சின்னது சரிப்படாதுடா, பெருசே எடு' என்றேன்.

அவன் என்னையே பார்த்தான். கோபம் இல்லை. ரொம்ப நேரம் காத்திருந்தவன் இனி வராது என்று தெரிந்துகொண்டு எழுந்து போவதைப் போல, பெட்டியின் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டான். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று கடைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். ரயிலில் என் எதிரேதான் உட்கார்ந்து வந்தான். மழையைப் பற்றிப் பேசினோம். எனக்கு அதைத் தாண்டி இரண்டு ஸ்டேஷன்; ஆவடியில் இறங்கும்போது என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினான். அதன் பிறகு ஒத்திகைக்கு அவன் வீட்டுக் கதவு திறக்கவில்லை.

பாபுதான் விஷயத்தை உடைத்தான். அந்த வரவேற்பு முடிந்த மறுநாளே தயாளன் அவன் வீடு தேடிப் போய்க் கேட்டிருக்கிறான். 'அவரு மூஞ்சப் பாத்துகினு என்னால பொய் சொல்ல முடியல சார். ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தியும் சொல்ட்டேன்' என்றான் பாபு.

அப்படியானால் கடைக்கு என்னை அழைத்தபோது அவனுக்கு எல்லாம் தெரியும்! நான் சின்னப் பெட்டியைக் காட்டியிருந்தால் போதும். மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டியதில்லை, இதை எடு என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் அவ்வளவு தூரம் அழைத்துப் போயிருக்கிறான்.

எனக்கு வந்தது என்ன தெரியுமா? கோபம்! பாபு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான், தயாளன் என்னைச் சோதித்துவிட்டான், இத்தனை வருடப் பழக்கத்தில் நேராகக் கேட்டிருக்கக் கூடாதா, துரோகி என்று புலம்பினேன். அவன் நேராகத்தான் கேட்டான், பெட்டியை ஏற்றும்போது. பொய் சொன்னவன் நான்... இது உறைக்கவே பல வாரம் ஆயிற்று.

போன ஆடியில் மாங்காட்டுப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழாவில் வாசித்தோம். பேஸ் கிடார் இப்போது எங்கள் குழுவில் இல்லை. பாட்டின் நடுவே தலை நிமிர்ந்தபோது அவனைப் பார்த்தேன். கூட்டத்தில், இடப்பக்க ஸ்பீக்கர்களுக்கு அருகே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜனங்களுக்கு என்ன கேட்குமோ அது கேட்கிற இடம். அவன் கண் என் இடக்கையில் இருந்தது.

என் கை நின்றுவிட்டது. நானாக நிறுத்தவில்லை. விரல் கட்டையை விட்டு எழும்பி அப்படியே நின்றது. பேஸே இல்லாமல் ஒரு சரணம் முழுக்கப் போயிற்று. ஜான்சன் மட்டும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான்.

கூட்டத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை! பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள், பெண்கள் கூழ் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், பாட்டு முடிந்ததும் எப்போதும் போலவே கைதட்டினார்கள். அவன் பேஸ் ஒரு இமைப்பொழுது தாமதமாகப் போயிருந்தால் இவர்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்? யாருக்காக அவன் வாயைக் கட்டினேன்?

அந்தச் சரணத்தில் பேஸ் இல்லை என்பதைக் கேட்ட ஒரே ஆள் அங்கே அவன்தான். கைதட்டல் ஓய்வதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தான். மேடையிலிருந்து இறங்கி ஓடியிருந்தால் அவனைப் பிடித்திருக்கலாம். நான்கு படிதான்.

ஜான்சன் அடுத்த பாட்டுக்குக் குச்சிகளைத் தட்டினான். நான் இடக்கையைக் கட்டையில் வைத்துச் சரியாக, டிரம்ஸோடு ஒன்றாக, வாசிக்கத் தொடங்கினேன்.