புளுகன் என்று நான் சொன்ன விமானி

போன ஆண்டு கோடையில், பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்ட முதல் சனிக்கிழமை இது நடந்தது. லண்டனுக்கு வடக்கே மோட்டார்வேயை விட்டிறங்கி, வயல்களுக்கு நடுவே போனால் வரும் ஒரு சின்ன விமானத்தளம். தளம் என்றதும் ஹீத்ரோவை நினைத்துவிடாதீர்கள். வெட்டிவிட்ட புல்தரை, ஒரு தகரக் கொட்டகை, தேநீர் விற்கும் கபே, வரிசையாக நிற்கும் குட்டி விமானங்கள், அவ்வளவுதான். நான் அங்கே பறக்கப் போகவில்லை. சாப்பாட்டுப் பெட்டிக்குக் காவல் இருக்கப் போனேன். இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது.

கொஞ்சம் முன்னால் இருந்து சொன்னால்தான் விளங்கும். லண்டனில், ஹரோவில் எங்களுக்கு ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இருக்கும் நேரத்தில், வட்டத்தை நடத்துகிற அக்காவின் வீட்டு முன்னறையில் கூடி நாங்கள் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சண்டை பிடிப்போம். பேசுவோம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்த மாதப் புத்தகம், கனடாவின் வடக்கே பாதையே இல்லாத காட்டுப் பிரதேசத்தில் சின்ன விமானம் ஓட்டிய ஒருவர் எழுதிய நினைவுகள். குளிர்காலத்தில் சக்கரத்துக்குப் பதிலாகச் சறுக்குப் பலகை பூட்டி உறைந்த ஏரியில் இறங்குவார். கோடையில் மிதவை பூட்டித் தண்ணீரில் இறங்குவார். மா மூட்டை, மருந்து, கடிதங்கள், பல் வைத்தியர், நாய்க்குட்டி என்று எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொண்டு போவார்.

புத்தகத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு வந்தவர் வட லண்டன் எட்மண்டனில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை. பாரிசில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவருக்கு அந்த விமானி கடவுள் மாதிரி. அக்காவுக்கு வேறு கோபம். "இவ்வளவு பக்கம் எழுதினவர், மனிசி வீட்டில என்ன பாடுபட்டவ எண்டு ஒரு பக்கம் எழுதேல்லைப் பாருங்கோ," என்றார். பாரம் கூடிவிட்டது என்று ஒரு பயணியை ஏரிக்கரையிலேயே இறக்கி விட்டுவிட்டு அந்த விமானி பறந்துபோகும் இடத்தில் பாதிப் பேருக்கு மனம் கசந்துபோயிருந்தது. அண்ணை விடவில்லை. "பாரமெண்டா இறங்கத்தான் வேணும். அதில என்ன பாவம்? எல்லாரையும் ஏத்திக்கொண்டு விழுந்து சாகிறதே?" என்று மேசையில் தட்டினார்.

கடைசியாக என் முறை வந்தது. "இந்தாள் நல்லாப் புளுகுறார்," என்றேன்.

நான் எந்தப் புத்தகத்தையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை என்பது வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று நான் சொன்னது அந்தச் சுபாவத்தால் அல்ல. புத்தகத்தில் ஓர் அத்தியாயம் வருகிறது. தனித்துக் கிடக்கும் குடிசைகளுக்கு மேலே அவர் தாழப் பறந்து வட்டமிடுவார். இஞ்சின் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் அடுப்பில் வைத்ததையும் விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து கை காட்டுவார்களாம். "விமானச் சத்தம் கேட்டு ஆர் வெளியில ஓடி வாறது? உள்ளுக்கல்லோ ஓடுவினம்," என்றேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த அந்தப் போர் வருடங்களில் வளர்ந்த யாரையும் கேளுங்கள், எந்தச் சத்தம் எந்த விமானம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சாப்பிட்ட கையோடு பங்கர்க் குழிக்குள் குதித்தவர்கள் நாங்கள். வட்டத்தில் சென்னையில் இருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறான். கணினி வேலை செய்பவன். அவனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "ஏன்க்கா, எங்க தெருவுல சத்தம் கேட்டா எல்லாப் பசங்களும் மொட்டை மாடிக்கு ஓடுவோம். டாட்டா காட்டுவோம்," என்றான். சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் முகங்களைப் பார்த்தான். பாவம், தேநீரைக் குடிக்கிற சாட்டில் குனிந்துகொண்டான்.

நான் ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில்தான் இருக்கிறேன். வீட்டுக் கூரையை உரசுகிற மாதிரிப் பெரிய விமானங்கள் நாள் முழுக்கப் போகும். அவை எனக்குப் பஸ் மாதிரி, ஏறி எத்தனையோ இடம் போய் வந்திருக்கிறேன். ஆனால் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானத்தின் சத்தம் வேறு. அது கேட்டால் வயிறு கல்லாகிவிடும். இதை நான் ஒருவருக்கும் சொல்லாமல்தான் காலத்தைக் கொண்டுபோனேன். அதற்கு முந்திய கோடையில் என் மகளின் பள்ளித் தோழிக்குப் பூங்காவில் பிறந்தநாள் கொண்டாட்டம். கேக் வெட்டுகிற நேரத்தில் ஒரு சின்ன விமானம் தாழப் போனது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே மகளை மேசைக்கு அடியில் இழுத்துப் போட்டு அவள் மேல் கவிழ்ந்துவிட்டேன். மற்றத் தாய்மார் நல்லவர்கள், எதுவும் நடக்காத மாதிரி இருந்தார்கள். மகள் அப்படி இருக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். இங்கே பிறந்து, குண்டு என்றால் படத்தில் மட்டும் பார்த்த எட்டு வயதுப் பிள்ளை. என் பயத்தை அவளுக்கு நானே ஊட்டிவிட்டேன். அதை நினைத்து நான் அழாத நாள் குறைவு.

இது ஒன்றும் தெரியாத அக்கா, வாசகர் வட்டத்தின் கோடைச் சுற்றுலா இந்த முறை சின்ன விமானத்தில் பறப்பதுதான் என்று அறிவித்தார். விமானிக்குப் பக்கத்தில் ஒருவர், பின்னால் இரண்டு பேர். அக்கா, அண்ணை, சென்னைத் தம்பி மூவரும் பறப்பதாக முடிவானது. வீட்டில் மகளைப் பார்க்க ஆள் இல்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு, ரோல்ஸும் வடையும் நிறைந்த பெட்டியோடு நான் போனேன். விமானங்களில் இருந்து தள்ளி, காருக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தேன். மகள் மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தாள். மழையே இல்லை. அந்தத் தொப்பி காதை மூடும் என்பதால் போட்டிருந்தாள்.

அண்ணை வந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோடை வெயிலில் தடித்த தோல் ஜாக்கெட், முழங்கால் வரை சப்பாத்து, கழுத்தில் சால்வை. புத்தக அட்டையில் அந்த விமானி நிற்கிற அதே கோலம். எங்களுடைய விமானியோ முடியை இழுத்துக் கட்டிய ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண். அவர் அண்ணையைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, எல்லோரையும் கொட்டகைக்குள் இருந்த தராசில் ஏறச் சொன்னார். எடையை முன்பே கேட்டிருந்தார்கள்தான். ஆனாலும் நிறுத்துப் பார்ப்பது அங்கே வழக்கமாம்.

அக்கா சப்பாத்தைக் கழற்றினார், கைப்பையை என்னிடம் தந்தார், பிறகு யோசித்துவிட்டுக் காப்பையும் கழற்றினார். தம்பி ஏறி இறங்கினான். அண்ணை ஏறியதும் விமானியின் புருவம் உயர்ந்தது. அண்ணை கொடுத்திருந்த எடை, லண்டனுக்கு வந்த புதிதில் குடும்ப வைத்தியரிடம் பதியும்போது சொன்ன எடை. அதற்குப் பிறகு எத்தனை கல்யாண வீடு, எத்தனை பிறந்தநாள். ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னார்கள். அதைத் தூக்கிய தம்பிக்குக் கை தாழ்ந்தது. பையில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தால் தீப்பெட்டி, விசில், கயிறு, டார்ச், சொக்கலேற் கட்டிகள், மீன் டின். காட்டில் விழுந்தால் உயிர் தப்ப என்னென்ன வேண்டும் என்று புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அண்ணை அதை அப்படியே ஜாக்கெட்டுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். பறக்கப்போவது ஆட்டுப் பண்ணைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் மேலே. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விமானிப் பெண்ணும் மறுபக்கம் திரும்பிவிட்டார், தோள் மட்டும் குலுங்கியது.

எல்லாவற்றையும் கழற்றியும் பாரம் கூடத்தான். ஒருவர் இறங்க வேண்டும் என்றார் விமானி.

சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணை எவ்வளவு ஆசையோடு வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். தம்பி உடனே, "நான் இருந்துக்கறேண்ணே, நீங்க போங்க," என்றான். அண்ணை தலையை ஆட்டினார். "நானே மேசையில தட்டிச் சொன்ன நியாயம். பாரமெண்டா இறங்கத்தான் வேணும்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பிறகு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, நீங்கள் ஏறுங்கோ."

இருவர் போனாலே போதும், இருக்கை சும்மா கிடக்கட்டும் என்றேன். அவர் விடவில்லை. "இல்லை. எனக்குப் பதிலா ஒராள் போய்ப் பாத்திட்டு வந்து சொல்ல வேணும். இவையள் ரெண்டு பேரும் என்ர மனம் நோகக் கூடாதெண்டு ஏதாவது சொல்லிப்போடுவினம். நீங்கள்தான் பிடிக்கேல்லை எண்டா மூஞ்சைக்கு நேர பிடிக்கேல்லை எண்டு சொல்லுற ஆள். அந்தாள் புளுகனோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ."

நான் வெளியே வந்தேன். மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்த நேரம் ஓடுதளத்தின் மறுமுனையில் யாரோ ஒரு விமானத்தின் இஞ்சினைக் கிளப்பினார்கள். காரைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மகள் இரண்டு கையாலும் தொப்பியைக் காதோடு அமுக்கிக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்கிறேனோ அதைத்தான் அவளும் செய்யக் காத்திருந்தாள். கார்க் கதவைத் திறந்து, "அம்மா ஒருக்காப் போட்டு வாறன். அண்ணை மாமாவோட நில்லுங்கோ," என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

என்னையும் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பின் இருக்கையில் அக்காவுக்குப் பக்கத்தில் இருத்தி வாரால் கட்டினார்கள். விமானிப் பெண் ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிச் சரி பார்த்தார். இஞ்சின் உறுமியது. முதல்முறையாக அந்தச் சத்தத்துக்கு உள்ளே நான் இருந்தேன். அக்காவின் கையை நசுக்கிப் பிடித்தேன், காப்பு இல்லாதது நல்லதாகப் போயிற்று. புல்தரையில் தடதடவென்று குலுங்கிக்கொண்டு ஓடியது. ஒரு கட்டத்தில் குலுக்கம் சட்டென்று நின்றது. பார்த்தால் தரையைக் காணோம்.

என்ன சொல்ல, எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத, வாய் நிறைந்த சந்தோஷம். இறக்கை தலைக்கு மேலே இருந்ததால் கீழே மறைப்பே இல்லை. வயல்கள், வேலிகள், ஒரு தேவாலயம், பின்வளவில் காயும் உடுப்புகள், தெற்கே புகைமூட்டம் மாதிரித் தெரிந்த லண்டன். முன்னால் இருந்த தம்பி, "அக்கா, அங்க பாருங்க, இங்க பாருங்க," என்று கத்திக்கொண்டே இருந்தான். நானும் கத்தினேன். அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னார். பறக்க ஆசைப்பட்டு ஒழுங்கு செய்ததே அவர்தான்.

திரும்பி வரும்போது விமானம் தளத்தைச் சுற்றி வட்டமிட்டுத் தாழ்ந்தது. என் பக்கத்து ஜன்னலில் கொட்டகை தெரிந்தது, கார் தெரிந்தது. காரின் கதவு திறந்து கிடந்தது. எங்கே போனாள், பயந்துபோய் எங்காவது ஓடிவிட்டாளா என்று தேடினேன்.

ஓடுதள வேலிக்கு வெளியே, வெட்டவெளிப் புல்லில், ஒரு மஞ்சள் கோட்டு ஓடிக்கொண்டிருந்தது. விமானத்தை நோக்கி. தொப்பி முதுகில் விழுந்து கிடந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசிக்கொண்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால், அந்தப் பெரிய சப்பாத்தோடு, கழுத்துச் சால்வையை உருவிச் சுழற்றிக்கொண்டு அண்ணை ஓடினார்.

நான் கண்ணாடியில் கையை அடித்து அடித்துக் காட்டினேன். அழுதேன். அக்கா கண்ணைத் திறந்து, "என்ன, விழப்போகுதோ?" என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டி, ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன்.

இறங்கியதும் அண்ணை மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றார். "எப்பிடி? சொல்லுங்கோ."

"அந்தாள் புளுகேல்லை அண்ணை," என்றேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, நான் கை காட்டினது உங்களுக்குத் தெரிஞ்சதா?" என்று கேட்டாள். தெரிந்தது என்றேன். ரோல்ஸ் எல்லாம் ஆறிப்போயிருந்தன, ஆனாலும் ஒன்றுகூட மிச்சம் வரவில்லை. அண்ணை மெலிந்து காட்டுவதாகச் சத்தியம் செய்துவிட்டு நாலாவதை எடுத்தார்.

இப்போதும் சின்ன விமானத்தின் சத்தம் கேட்டால் என் வயிறு முதலில் ஒருமுறை கல்லாகும். அது என்னோடுதான் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் அதற்குள் மகள் பின்கதவைத் திறந்துவிடுவாள். அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு நானும் ஹவுன்ஸ்லோவின் அந்தச் சின்னத் தோட்டத்துக்கு ஓடுகிறேன், மேலே இருப்பவர் யாரென்று தெரியாமலே இருவரும் கை காட்டுகிறோம். என் தாய் எனக்குக் காட்ட முடியாமல் போன ஒரு வானத்தை என் பிள்ளைக்குக் காட்ட முடிந்ததே என்று ஒவ்வொரு முறையும் என் மனம் நிறைந்துபோகிறது.