பாஹியில் நின்ற வண்டி

காலை ஆறு இருபது. கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது புதிதாகக் குவிந்திருந்த பாறைச் சில்லு. மண் குறைவு, கல்தான் அதிகம். திண்டுக்கல்லில் இடுப்பளவு ஆழத்திலேயே பாறை தட்டிவிடும். அதனால் இங்கே அடக்கத்தன்று காலையில் குழி தோண்ட முடியாது. முந்தின நாளே கடப்பாரையும் உளியுமாக இறங்க வேண்டும்.

குழி தோண்டுபவர் விளிம்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்திருந்தார்.

"எத்தன மணிக்குக் கொண்டாராக தம்பி?"

"இன்னும் பிளேனே ஏத்தலைண்ணே. தகவல் வரணும்."

"ஏத்தலையா? அப்பொறம் என்னத்துக்குய்யா நேத்துப் பூரா என் இடுப்ப ஒடிச்ச..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "சரி விடு. அக்கா சொன்னா சரிதான்."

தோண்டச் சொன்னது என் அக்கா. குழி அவள் கணவருக்கு.

மச்சான் கிரேடர் ஓட்டுநர். நீண்ட அலகால் மண்ணைச் சீவிச் சமன்படுத்தும் வண்டி அது. தொண்ணூறுகளில் நம் பக்கத்துச் சாலை வேலைகளில் ஓட்டியவர், இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் மூலம் தான்சானியா போனார். டார் எஸ் சலாம் துறைமுகத்தில் தொடங்கி மேற்கே பெரிய ஏரிப் பக்கம் வரை நாட்டைக் குறுக்கே கடந்து போகும் நெடுஞ்சாலை. மொரகோரோ வழியாக டொடோமா வரை தார். அதற்கப்பால் பாஹி, மான்யோனி, சிங்கிடா எல்லாம் மண்சாலை. அந்த மண்சாலையை உயர்த்தித் தார்ச்சாலை ஆக்கும் வேலை அவருக்கு.

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போன் செய்வார். அக்காவிடம் பேசிவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

"ஏய் பத்திரிகை மாப்ள, செம்பட்டி ரோட்டுல குழிய மூடிட்டாய்ங்களா?"

"இல்ல மச்சான். செய்தி போட்டிருக்கேன்."

"நீ செய்தி போடு. நான் ரோடு போடுறேன்."

அந்த வாரம் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்வார். அலுவலகத்தில் இருந்த பழைய அட்லஸில் நான் பென்சிலால் குறித்துக்கொள்வேன். பாஹியில்தான் பென்சில் வெகுகாலம் நகரவில்லை. தாழ்ந்த நிலம், கரிசல், மழை பெய்தால் குளம். புதுச் சாலைக்கு மண்மேடு எழுப்பிவிட்டார்கள். நடுவில் பாலங்கள் சேரவில்லை. வண்டிகள் மேட்டுக்குக் கீழே தற்காலிகப் பாதையில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"மழைக்குள்ள பாலத்தச் சேத்துப்புடணும் மாப்ள. இல்லேன்னா கொக்குகூட இந்தப் பக்கம் தாண்டாது" என்றார். சேர்வதற்குள் அவரைச் சிங்கிடாப் பக்கத்து முகாமுக்கு மாற்றினார்கள். ஜனவரியில், மழைக்காலத்தில், அங்கே மலேரியா வந்து இறந்துபோனார்.

செய்தி சொன்னவர் அதே முகாமில் இருந்த சர்வேயர், ஒட்டன்சத்திரத்துக்காரர். பெட்டியை லாரியில் ஏற்றிவிட்டோம், டார் எஸ் சலாமுக்குக் கிளம்பிவிட்டது, அங்கிருந்து விமானம் என்றார். கிளம்பிவிட்டது என்று கேட்டதுமே அக்கா கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பினாள். விமானம் ஏறட்டும், பொறுக்கலாம் என்றேன்.

"பாறைடா. அவரு வந்து வெளிய கெடக்கக் கூடாது" என்றாள்.

நான் குழியைப் பார்த்துவிட்டு வந்த அன்று பகல் பதினொரு மணிக்குப் போன் மணி அடித்தது. வாசலில் பந்தலும் வாடகை நாற்காலிகளும் போட்டாகிவிட்டது. உறவினர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மான்யோனியிலிருந்து சர்வேயர் பேசினார்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? பாஹியில தண்ணி, மாத்துப்பாதைய அடிச்சுட்டுப் போயிருச்சுங்க. மேடு அப்படியே இருக்குதுங்க, பாலந்தான் இன்னும் சேரலைங்க. வண்டிய மான்யோனிக்கே திருப்பிட்டோமுங்க."

ரயில்? அதுவும் நின்றுவிட்டது. சின்ன விமானம்? இறங்கும் இடம் சேறு. குளிர்பெட்டி? இல்லை. செய்தி சேகரிப்பது போலவே கேட்டேன். கேட்பதற்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை.

"இங்கத்த சாமியாரு இன்னைக்கே அடக்கம் பண்ணோணும்ங்கறாருங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

அக்கா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். நானும் காதை ஒட்டி நின்றேன்.

"தண்ணி எப்ப வடியும்?"

"சொல்ல முடியாதுங்க அக்கா. இன்னும் பேஞ்சுட்டுத்தான் இருக்குது."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"கோயில் வராண்டாவுலங்க."

"நனையிறாரா?"

"இல்லைங்க. மேல தார்ப்பாய் கட்டியிருக்கோமுங்க."

போன் இரைந்துகொண்டிருந்தது.

"அங்க பாறையா, மண்ணா?"

"மண்ணுங்க அக்கா. நல்ல மண்ணுங்க."

"அப்பச் சரி. பண்ணிருங்க."

மாலையில் குழி தோண்டியவர் வீட்டுக்கு வந்தார். என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வெட்டுன குழிய வெறுமனே மூடக் கூடாது தம்பி. ஒரு வாழைத்தண்டையாச்சும் போட்டு மூடிருவோம். பங்குச் சாமியாருக்குத் தெரிய வேணாம்."

உள்ளே இருந்த அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"மூட வேணாம்ணே. தண்ணி வடியட்டும். எடுத்துட்டு வந்துருவோம்."

புதைத்த உடலை நாடு விட்டு நாடு கொண்டுவர யார் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சென்னையில் தெரிந்தவர்களை விசாரித்தேன். அங்கே ஒரு நீதிமன்றம், இங்கே இரண்டு துறைகள், இடையில் தூதரகம். எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. விசாரித்ததை எல்லாம் அக்காவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அரிசி களையப் போனாள். ஆடு விழாமலிருக்கக் குழியின் மேல் தகரம் போட்டு முள் வைத்தார்கள். மான்யோனியில் மழை நின்றதா என்று ஞாயிறு தோறும் சர்வேயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தவக்காலம் தொடங்கிய பிறகு, பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் பட்டறையிலேயே விழுந்து இறந்தார். அவருடைய தம்பி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் பேசினார்.

"கேக்கக் கூடாதுதான்க்கா. பாறையில இன்னைக்குள்ள குழி வெட்ட முடியாதுங்கிறாக. உங்க குழி சும்மா கெடக்குன்னாக. சாயங்காலம் எடுக்கணும்."

அக்கா அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"உங்க அண்ணே எம்புட்டு உசரம்?"

"என்னைய விடக் கொஞ்சம் கூட இருப்பாரு."

"பத்தும். எடுத்துக்கங்க."

மாலை அடக்கத்துக்கு அக்காவும் வந்தாள். பெண்கள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டாள்.